இரண்டு தூணுக்கு நடுவில்

பள்ளிக்கூடத்து முன்வாசலில் இரண்டு தூண்கள். தூண்களுக்கு நடுவில் மூன்று படிகள். கடைசி வருஷத்துப் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் அந்தப் படிகளில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அந்தப் பள்ளியில் படித்து முடித்ததாகக் கணக்கு. மார்க்கெல்லாம் அப்புறம்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, நடைகூடத்துச் சுவரில் மாட்டுவார்கள். சட்டங்கள் எல்லாம் ஒரே அளவு. என்றைக்கோ ஒரு தச்சர் மொத்தமாக அடித்துக் கொடுத்துவிட்டுப் போனவை, இன்னும் தீர்ந்தபாடில்லை. சட்டத்துக்குள் அடங்குவது இரண்டு தூணுக்கு நடுவில் இருப்பது மட்டும்தான். தூணுக்கு வெளியே நின்றவன் கதி அதோகதி. அப்படி ஒரு பழைய படத்தில் வெறும் முழங்கையாகத் தொங்குகிறவர் இன்றைக்கு ஊரறிந்த பல் டாக்டர். தன் பிள்ளையைச் சேர்க்க வந்த அன்று, "இது நான்தான்டா" என்று முழங்கையைக் காட்டினார். பிள்ளை நம்பவே இல்லை.

ஸ்டுடியோக்காரர் சில நாள் முன்னதாகவே வந்து, படிகளில் சாக்பீஸால் கட்டம் போட்டுவிட்டுப் போவார். படிக்குப் பத்து வீதம் முப்பது கட்டம். அந்த வருஷம் வகுப்பிலும் முப்பது பேர். ஆளுக்கு ஒன்று. படிகளுக்குக் கீழே ஆசிரியர்களுக்கு ஏழு நாற்காலி. நடு நாற்காலி தலைமையாசிரியைக்கு. நாற்காலிகளுக்கு முன்னால் தரையில் யாரும் உட்காரக் கூடாது. ஒரு வருஷம் தரையில் உட்கார்ந்த பையன்கள், ஆசிரியர்கள் கால் வலிக்குக் கழற்றி விட்டிருந்த செருப்புகளை ஓசைப்படாமல் ஜோடி மாற்றி வைத்துவிட்டார்கள். கணக்கு வாத்தியார் ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் பாட்டு டீச்சர் செருப்புமாக வீடு போய்ச் சேர்ந்தார். அங்கே நடந்த விசாரணையைப் பற்றி அவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. தலைமையாசிரியை மட்டும் அன்றைக்கே தரைக்குத் தடை போட்டார்.

இதில் யார் எந்தக் கட்டத்தில் நிற்பது என்பதுதான் வருஷா வருஷம் குத்து வெட்டு. போன வருஷம் இரண்டு சட்டைப் பை கிழிந்தது. அதனால் இந்த வருஷம் கணக்கு வாத்தியார் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். பொறுப்பைத் தூக்கித் தரகம்மாவின் தலையில் வைத்துவிட்டார்.

தரகம்மா துணிக்கடைக்காரர் மகள். தொட்டிலில் கிடந்தபோதே தாலாட்டை விட பேரத்தைத்தான் அதிகம் கேட்டிருப்பாள். அவள் வீட்டில் எந்த விஷயத்துக்கும் யாரும் முதல் தடவையிலேயே "சரி" என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. சாப்பிட வா என்று அம்மா கூப்பிட்டால்கூட, எத்தனை நிமிஷம் கழித்து என்று பேசி முடித்துவிட்டுத்தான் அப்பா எழுந்திருப்பார். அந்த வீட்டுப் பெண் வகுப்பில் சும்மா இருப்பாளா? அவளுடைய சந்தையில் காசுப் பேச்சே கிடையாது. ஜன்னலோர இடத்துக்கு விலங்கியல் படம், விலங்கியல் படத்துக்கு சைக்கிள் சவாரி என்று கைமாற்றிக் கைமாற்றி, இரு பக்கமும் "நமக்குத்தான் லாபம்" என்று நினைத்துக்கொண்டு போகும்படி முடித்துக் கொடுப்பாள். இத்தனைக்கும் தரகு என்று எதுவும் வாங்குவதில்லை. பேரம் படிந்து இருவர் கை குலுக்கும் அந்த ஒரு நொடியைப் பார்த்தால் போதும், அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

முப்பது கட்டத்தில் தனக்கென்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கீழ்ப்படியில், தலைமையாசிரியையின் நாற்காலிக்கு நேர் பின்னால் ரேடியோவுக்கு ஒரு கட்டம். அதற்குப் பக்கத்துக் கட்டம் தனக்கு.

ரேடியோ அவளுடைய தோழி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. காலையில் பள்ளிக்கூட மணியோடு பேச ஆரம்பித்தால் சாயங்கால மணிக்குத்தான் வாய் ஓயும். நடுவில் தண்ணீர் குடிக்கும்போதுகூடக் கையால் பேசுவாள். அப்பாவுக்கு வேலை மாற்றலாகி குடும்பம் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது. பரீட்சை முடியும்வரை சித்தி வீட்டில் இருக்கிறாள். முடிந்த மறுநாளே ரயில். அதற்குப் பிறகு தோளோடு தோள் நிற்கப்போவது அந்தச் சட்டத்துக்குள் மட்டும்தான். இதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. ரேடியோ வாய்விட்டுச் சொல்லாத ஒரே சங்கதி அதுதான்.

கட்ட வியாபாரம் ஒரு வாரம் நடந்தது. முதல் போணி கண்ணாடி. மூக்கில் கண்ணாடி கிடையாது; போகிற வழியில் இருக்கும் கண்ணாடி எதையும் சும்மா விடமாட்டாள் என்பதால் அந்தப் பெயர்.

"என் இடது பக்கம்தான் நல்லா இருக்கும். அந்தப் பக்கம் கேமராவுக்குத் தெரியற மாதிரி எடம் குடுடி."

"வலது பக்கத்துக்கு என்ன குறைச்சல்?"

"அது எங்க அத்தை மாதிரி இருக்கு."

அத்தையைத் தவிர்க்க ஒரு மாத வேதியியல் குறிப்பு கை மாறியது. அடுத்து வந்தவன் வக்கீல். தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்டால்கூட அதில் மூன்று ஆட்சேபம் கிளப்புவான். அவனுக்கு நட்ட நடுவில் நிற்க வேண்டும். பத்துக் கட்டத்தில் நட்ட நடு என்று ஒன்று கிடையாது என்று தரகம்மா சொல்ல, அவன் அதை ஒப்புக்கொள்ள ஒன்றரை நாள் ஆயிற்று. கடைசியில் ஓரத்துக்குப் போகச் சம்மதித்தான். பதிலுக்கு, தினம் மதியச் சாப்பாட்டு வேளையில் ஐந்து நிமிஷம் அவன் பேசுவான், குறுக்கே ஒருவரும் பேசக் கூடாது. வகுப்பு அந்த வருஷம் கொடுத்த விலைகளிலேயே கொடுமையானது அதுதான்.

கொக்கு மேல்படிதான் என்பதை அவன் கழுத்தே தீர்மானித்துவிட்டது. அவன் கேட்டது வேறு.

"மேல்படிக்குப் போறேன். ஆனா பரீட்சை முடியற வரைக்கும் ஒருத்தரும் என்னை கொக்குன்னு கூப்பிடக் கூடாது."

முடித்துக் கொடுத்தாள். அன்று முதல் வகுப்பு முழுக்க அவனை, "தண்ணியில ஒத்தக் கால்ல நிக்குமே, அந்த வெள்ளைப் பறவை" என்று முழுசாகக் கூப்பிட ஆரம்பித்தது. இரண்டாம் நாளே ஓடி வந்தான். "தாயே, பழைய பேரையே குடுத்துடு!"

தண்டவாளங்கள் என்று இரண்டு பேர். ஒரு பையன், ஒரு பெண். எங்கே போனாலும் கூடவே போவார்கள், ஆனால் ஒட்டவே மாட்டார்கள். மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை, பார்க்காமலும் இருந்ததில்லை. இருவரும் தனித்தனியே வந்து, தனித்தனியே காது சிவந்து, ஒரே கோரிக்கையை வைத்தார்கள். பக்கத்தில் வேண்டாம். ரொம்பத் தள்ளியும் வேண்டாம். இதற்கு தரகம்மா யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. இருவருக்கும் நடுவில் ஓர் ஆளை மட்டும் நிறுத்தினாள். அந்த ஆள் ரொம்பக் குள்ளம்.

கடைசியில் மாட்டிக்கொண்டவன் கதவு.

கதவு கோல்கீப்பர். அவனைத் தாண்டி எதுவும் உள்ளே போகாது. ஸ்டுடியோக்காரர் அவனைக் கட்டத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தம்பி, ஒண்ணு நீ பக்கவாட்டுல நில்லு. இல்ல ரெண்டு கட்டம் எடுத்துக்கோ."

கதவு பக்கவாட்டில் நின்று காட்டினான். அதுவும் அதே அகலம்.

"ரெண்டு கட்டத்துக்கு நான் எங்க போவேன்?" என்று தரகம்மா உள்ளுக்குள் திணறினாலும் வெளியே பிடி கொடுக்கவில்லை. வியாபாரியின் கண் தன்னால் அலமாரியின் கடைசித் தட்டுக்குப் போனது. அங்கே யாரும் கேட்காத சரக்கு ஒன்று இருந்தது. பல்டியின் கட்டம்.

பல்டி ஒரு இடத்தில் நடந்து போனதை யாரும் பார்த்ததில்லை. குட்டிக்கரணம் போட்டுத்தான் போவான். மூன்று மாதத்துக்கு முன்னால், போட்டியில் கதவு ஒரு பந்தைத் தடுத்த சந்தோஷத்தில், மைதானத்துச் சுவர்மேலிருந்து பல்டி அடித்தான். பல்டி பிரமாதமாக இருந்தது. இறங்கிய விதம்தான் சரியில்லை. அன்றிலிருந்து மாவுக்கட்டோடு கட்டிலில். பரீட்சைக்கு வந்தால் போதும், அதுவரை அசையக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அப்படியிருக்க படத்துக்கு எங்கே வரப்போகிறான்?

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் உடைமைக்காரனுக்குச் சரக்கின்மேல் ஆசை வந்துவிடும் என்பது கடைத்தெருப் பழக்கம். தரகம்மா கேட்கவில்லை. பல்டியின் கட்டத்தைக் கதவுக்கு முடித்துக் கொடுத்தாள். முப்பதும் கச்சிதம். கணக்கு வாத்தியார் படிகளைச் சுற்றி வந்து, "சண்டையே இல்லாம முடிச்சிட்டியேம்மா!" என்று வாய் பிளந்தார்.

படம் எடுக்கும் காலை. வெயில் தூண்களில் சாய்வாக இறங்கியிருந்தது. ஆளாளுக்குத் தலை வாரி, இஸ்திரி போட்டு, அடையாளம் தெரியாத அளவுக்குச் சுத்தமாக வந்திருந்தார்கள். ரேடியோ தன் கட்டத்தில் நின்றபடி, நேற்று சித்தி வீட்டில் பால் பொங்கி வழிந்த கதையை மூன்று படிக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது வாசல் கேட்டுக்கு வெளியே ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் இரண்டு ஊன்றுகோல் வெளியே வந்தன. பிறகு ஒரு கால். பிறகு பல்டி.

படிக்கட்டே சரிந்து இறங்கியது. கதவு ஓடிப்போய் அவனை ஊன்றுகோலோடு அப்படியே தூக்கிவிட்டான். "எறக்குடா, எறக்குடா, இன்னொரு காலையும் உடைச்சிடாத!" என்று பல்டி கத்தினான். கண்ணாடிகூடத் தன் இடது பக்கத்தை மறந்து ஓடினாள். தண்டவாளங்களில் அந்தப் பெண், பையனைப் பார்த்து, "வந்துட்டான்!" என்றாள், மூன்று வருஷத்தில் அதுதான் முதல் வார்த்தை.

தரகம்மாவின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"என் கட்டம் எது?" என்றான் பல்டி, மூச்சு வாங்க.

எல்லோரும் படியைப் பார்த்தார்கள். பிறகு கதவைப் பார்த்தார்கள். பிறகு, மெதுவாக, தரகம்மாவைப் பார்த்தார்கள்.

"டேய், நீ என் நாற்காலில உக்காருடா" என்று கணக்கு வாத்தியார் எழுந்தார்.

"உக்காந்து உக்காந்துதான் சார் மூணு மாசம் போச்சு. நிக்கத்தான் சார் வந்தேன்."

இதற்குமேல் பேச என்ன இருக்கிறது? ஊன்றுகோலோடு அவனால் ஏற முடிந்தது கீழ்ப்படி ஒன்றுதான். விற்றவள் அவள். சரக்கு இல்லையென்றால் விற்றவர்தான் தன் பையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். அவள் அப்பாவின் கடையில் அதற்கு இரண்டாவது பேச்சு கிடையாது. யோசிப்பதற்கு முன்னால் கை நீண்டுவிட்டது.

"உன் கட்டம் இதுதான்டா. வா" என்று தன் கட்டத்தைக் காட்டினாள்.

பல்டி ஏறி நின்றான். கைதட்டல் அடங்கியதும் தரகம்மா பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தாள். ரேடியோ பால் பொங்கிய கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தாள்.

"அது யார் எடம்?" என்றாள் ரேடியோ.

"என்னோடதுதான்டி. வேற வழி இல்ல—"

"உன்னோடது மட்டுமா? பக்கத்துல நிக்கப்போறது நான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அவன் எடத்தை அவனைக் கேக்காம வித்த. என் தோளை என்னைக் கேக்காம குடுத்த. நாளைக்கு சித்தி வீட்டையும் பேசி முடிச்சிடு!"

அதோடு ரேடியோ வாயை மூடிக்கொண்டாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. மின்சாரம் போனால்கூட அந்த வாய் நின்றதில்லை.

கணக்கு வாத்தியார் தரகம்மாவைத் தனியே அழைத்தார். "தூணுக்கு அந்தப் பக்கம் நின்னா முழங்கைதான். ஒண்ணு செய். மேடம் ரூமுக்குப் போ. இந்த ஒரு தடவை தரையில உக்காந்துக்க அனுமதி கேளு."

"அவங்க குடுப்பாங்களா சார்?"

"மாட்டாங்க. ஆனா நீ பேரம் பேசறவதானே?"

தலைமையாசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பூட்டு. அவர் வாசலில் கால் வைத்தால் முப்பது வாய்க்கும் ஒரே நேரத்தில் பூட்டு விழும். அடித்ததில்லை, திட்டியதும் அபூர்வம், இருந்தும் விழும். அறையில் அவர் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"என்ன?"

"மேடம், எனக்குப் படத்துல எடம் இல்ல."

"ஏன்?"

"வித்துட்டேன் மேடம்."

நடந்ததையெல்லாம் சொன்னாள். வெள்ளைப் பறவை வரை சொன்னாள். தலைமையாசிரியையின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"தரையில உக்காரக் கூடாது. உனக்குத் தெரியும்."

தரகம்மா மூச்சை இழுத்துக்கொண்டாள். தரை வேண்டுமென்றால் கூரையைக் கேட்க வேண்டும். அங்கிருந்து இறங்கி இறங்கி வந்தால் தரையில் வந்து நிற்கலாம். தன் அப்பா கொள்முதலுக்குப் போகும்போது செய்வது அதைத்தான்.

"அப்படின்னா உங்க நாற்காலிய குடுங்க மேடம்."

இப்போது ஒரு இடி விழும். "அதிகப்பிரசங்கி!" என்பார். இவள் தலை குனிந்துகொள்வாள். "சரி, தரையில உக்காந்து தொலை" என்பார். கணக்கு அதுதான்.

"சரி" என்றார் தலைமையாசிரியை.

தரகம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொன்ன விலைக்கே எதிராளி ஒத்துக்கொண்டால் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். எங்கே என்றுதான் தெரியவில்லை.

"இல்ல மேடம்... நான் சும்மா..."

"ஏன், வேண்டாமா?"

"வேணும் மேடம். ஆனா நீங்க எங்க?"

"கேமராவுக்குப் பின்னாடி. நான்தான் படம் எடுக்கப்போறேன்." தலைமையாசிரியை சீப்பை மேஜைமேல் வைத்தார். "நடைகூடத்துல எல்லாப் படத்துலயும் நான் இருக்கேன். அதே நாற்காலி, அதே மூஞ்சி. அலுத்துப் போச்சு. எல்லாத்துலயும் என் முதுகுதான் உங்க பக்கம். சரி, நாற்காலி சும்மா வராது. எனக்கு என்ன தருவ?"

அட, இவர் நம்ம ஜாதி என்று அப்போதுதான் உறைத்தது அவளுக்கு.

"உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க மேடம்."

"நீங்க சிரிக்கறது. வகுப்புக்கு வெளிய நிக்கறப்ப காதுல விழும். உள்ள வந்தா நின்னுடும். இத்தனை வருஷத்துல நான் கண்ணால பாத்ததே இல்ல. அது வேணும்."

"எத்தனை பேர் சிரிக்கணும் மேடம்?"

"எத்தனை பேர் இருக்கீங்க? முப்பது."

"இருபது பேர்னு வெச்சுக்கலாம் மேடம்."

"முப்பது."

"வக்கீலுக்கெல்லாம் சிரிக்கவே வராது மேடம். இருபத்தஞ்சு."

"அப்ப நாற்காலி எனக்கு."

"பல்டிக்குக் கால் வலிக்குமே மேடம். அவனை விட்டுடுங்க. இருபத்தொன்பது."

தலைமையாசிரியை கொஞ்சம் யோசித்தார். "இருபத்தொன்பது. ஒண்ணு குறைஞ்சாலும் நான் நாற்காலிக்கு வந்துடுவேன். நீ தூணுக்கு வெளிய."

"சரி மேடம்" என்றாள் தரகம்மா. வாயிலிருந்து வந்தபிறகுதான் அதன் கனம் தெரிந்தது. பூட்டைப் பார்த்து இருபத்தொன்பது பேர் சிரிக்க வேண்டும். இல்லாத சரக்கை இரண்டாவது முறையாக விற்றுவிட்டு வெளியே வந்தாள்.

ஸ்டுடியோக்காரர் முதலில் தன் கேமராவை இரு கையாலும் அணைத்துக்கொண்டார். "மேடம், இதை எங்க வீட்டுல என் சம்சாரம்கூடத் தொட்டதில்ல." தலைமையாசிரியை அவரைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். அவரும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் போனவர் அல்லவா, கை தானாக விலகியது.

தரகம்மா நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் ஆசிரியர்கள் விறைத்துப்போனார்கள். பின்னால் ரேடியோ நிற்கிறாள் என்பது தெரிந்தது. அவள் பாவாடை மடிப்பு நாற்காலியில் உரசியது. ஆனால் ஒரு சத்தம் இல்லை.

தரகம்மா எழுந்து படிகளைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் கேளுங்க. மேடம் எனக்கு நாற்காலி குடுத்திருக்காங்க. பதிலுக்கு நாம எல்லாரும் சிரிக்கணும். நிஜமா சிரிக்கணும். இல்லன்னா நான் படத்துல இல்ல."

"எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று மேல்படியிலிருந்து கொக்கு கேட்டான். ஒரு வாரம் அவளிடம் படித்த பாடம்.

அவள் கையை விரித்தாள். "ஒண்ணும் இல்ல. எங்கிட்ட குடுக்க எதுவும் மிச்சமில்ல. சும்மா கேக்கறேன்."

தரகம்மா சும்மா கேட்டு அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. கொக்கு கதவைப் பார்த்தான். கதவு வக்கீலைப் பார்த்தான். "நட்டம்தான். பரவாயில்ல, பழகின கடை" என்றான் வக்கீல். எல்லோரும் தலையாட்டினார்கள்.

உட்காருவதற்கு முன் அவள் ரேடியோவின் முகத்தைப் பார்த்தாள். "உன்னைக் கேக்காம குடுத்தது தப்புதான்டி."

ரேடியோ எங்கோ பார்த்தாள். பிறகு, "முன்னாடி திரும்பி உக்காரு" என்றாள். மூன்று சொல். ரேடியோவின் வாயிலிருந்து வெறும் மூன்று சொல்!

"தயாரா?" என்றார் தலைமையாசிரியை.

படிகள் சிரித்தன. அதாவது, முப்பது வாய் திறந்தது. பல் டாக்டரின் வாசலில் வரிசை நிற்பதுபோல் இருந்தது.

"இது சிரிப்பு இல்ல. பல்லு. செல்லாது" என்றார் தலைமையாசிரியை. "இன்னொரு தடவை. அதான் கடைசி."

அவர் குனிந்து கேமராவில் கண்ணை வைத்தார். வைத்தபடியே இருந்தார். நேரம் போயிற்று.

"இருட்டா இருக்கே" என்றார்.

ஸ்டுடியோக்காரர் ஓடி வந்தார். "மூடி எல்லாம் எடுத்தாச்சே மேடம்... மேடம், நீங்க ரெண்டு கண்ணையும் மூடியிருக்கீங்க. ஒண்ணை மட்டும் மூடணும்."

"ஒண்ணைத்தான் மூடினேன்."

"மத்ததும் கூடவே மூடிக்குது மேடம்."

தலைமையாசிரியை நிமிர்ந்தார். வகுப்பையே ஒற்றைப் பார்வையில் பூட்டுகிறவர், ஒற்றைக் கண்ணை மூட முயன்றார். இரண்டும் மூடின. மறுபடி முயன்றார். இரண்டும் திறந்தன. மூன்றாம் முறை வாயும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, மூக்கு சுருங்கி, புருவம் நெற்றியின் உச்சிக்கே ஏறியது. கண்கள் மட்டும் ஒற்றுமையை விடவில்லை. "இருங்க, வருது, வருது" என்றார். வரவில்லை. ஒரு விரலால் இமையை அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அழுத்தியது எந்தக் கண் என்று மறந்து, அந்தக் கண்ணையே கேமராவில் வைத்தார். விரல் நடுவில் மாட்டிக்கொண்டது.

ரேடியோவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

அடக்கப்பட்ட சத்தம். பிறகு இன்னொன்று. அவ்வளவு நேரம் மூடி வைத்திருந்த வாய், ஒரேயடியாகத் திறந்துகொண்டது. ரேடியோ சிரித்தால் மைதானத்துப் புறாக்கள் பறக்கும், அன்றைக்குப் பறந்தன. அவளைத் தொட்டு நின்ற பல்டி, "ஐயோ காலு, ஐயோ காலு" என்று சிரித்தான். கதவு சிரித்ததில் இரண்டு கட்டமும் குலுங்கி, அந்த வரிசையே ஆடியது. கண்ணாடி அத்தைப் பக்கம், சொந்தப் பக்கம் எல்லாம் தெரியச் சிரித்தாள். தண்டவாளங்கள் நடுவிலிருந்த குள்ளனின் தலைக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கணக்கு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வக்கீல், "இது மரியாதை இல்ல, நான் ஆட்சேபிக்கறேன்" என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டான்.

கேமராவுக்குப் பின்னால் தலைமையாசிரியை நிமிர்ந்து நின்று, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேடம், இப்ப அழுத்துங்க! கண்ணெல்லாம் வேண்டாம், சும்மா அழுத்துங்க!" என்று ஸ்டுடியோக்காரர் கத்தினார்.

"இரு. எண்ணிக்கிட்டிருக்கேன்." விரலை நீட்டி ஒவ்வொரு முகமாக எண்ணினார். மேல்படி, நடுப்படி, கீழ்ப்படி. விரல் நாற்காலிக்கு வந்து நின்றது. "ஒருத்தி சிரிக்கல."

உண்மைதான். தரகம்மாவும் திரும்பித் திரும்பி எண்ணிக்கொண்டிருந்தாள். சரக்கு ஒப்படைக்கும் நேரத்தில் எந்த வியாபாரி சிரிப்பான்? விரலை உயர்த்திக்கொண்டு எழப்போனாள்.

"மேடம், பேசினது இருபத்தொன்பது! பல்டியை விட்டுட்டுத்தான் முடிச்சோம். அவன் சும்மாவே சிரிச்சுட்டான். அவனைச் சேத்து எண்ணிப் பாருங்க, சரியா இருபத்தொன்பது வரும். கணக்கு நேராச்சு மேடம். நான் சிரிக்கணும்னு—"

"உக்காருடி!" பின்னாலிருந்து இரண்டு கைகள் அவள் தோளைப் பிடித்து அழுத்தின. ரேடியோவின் முகவாய் அவள் உச்சந்தலையில் வந்து குத்தியது. மூச்சுத் திணறச் சிரித்துக்கொண்டே அவள் காதில், "படம் எடுக்கறப்பகூட பேரமா? நீ உருப்படவே மாட்ட. நேத்து எங்க சித்தி கேட்டாங்க, அந்தப் பொண்ணு தூக்கத்துலயும் பேரம் பேசுமான்னு, நான் சொன்னேன், சித்தி, அவ கொட்டாவிக்கே தள்ளுபடி கேப்பா, அப்புறம் அந்தப் பால் இருக்கே, அது பொங்கி வழிஞ்சு..."

தரகம்மா உயர்த்திய விரல் உயர்த்தியபடியே நிற்க, வாய் பேரத்தின் நடுவிலேயே இருக்க, சிரித்துவிட்டாள்.

தலைமையாசிரியை அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்கத் தெரியாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். "போதும் மேடம், போதும்" என்று ஸ்டுடியோக்காரர் கெஞ்சினார். படிகளில் யாரும் அசையாமல் இல்லை, யாரும் தூணைத் தாண்டவும் இல்லை. பால் கதை காதில் ஓடிக்கொண்டிருந்தது.